குமரி மாவட்டத்தில் பழைய ஃபோர்டு: எதை வாங்கலாம், எப்படி வைத்துக்கொள்ளலாம்

நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ பழைய கார் தேடுகிறவர் காதில் ஃபோர்டைப் பற்றி இரண்டு பேச்சு விழும். "தகரம் கனம், ரோட்டில் ஒட்டிக்கொண்டு போகும்" என்பது ஒன்று. "கம்பெனியே போயாச்சுல்லா, ஸ்பேருக்கு எங்க போவிய?" என்பது மற்றொன்று. புரோக்கர் நமக்கு விற்கும்போது முதலாவதைச் சொல்வார், நம்மிடம் வாங்கும்போது இரண்டாவதைச் சொல்வார்.

இரண்டும் பொய்யில்லை. ஆனால் ஃபோர்டு என்ற பெயருக்கு விலை பேசாதீர்கள். எந்த வருடம், எந்த இன்ஜின், எந்த கியர்பாக்ஸ் என்ற மூன்றுக்கும்தான் விலை. ஒரே ஈக்கோஸ்போர்ட் என்ற பெயரில், தக்கலையில் எந்த மெக்கானிக்கும் தைரியமாகப் பிரிக்கிற வண்டியும் ஓடுகிறது. கியர்பாக்ஸ் மக்கர் பண்ணினால் திருவனந்தபுரத்துக்கு லாரியில் ஏற்றிக்கொண்டு போகவேண்டிய வண்டியும் ஓடுகிறது.

பெயர் எப்படி வந்தது, எப்படிக் கெட்டது

1903 ஜூனில் ஹென்றி ஃபோர்டு கம்பெனியைத் தொடங்கினார். 1908-ல் வந்த மாடல் டி-தான் பெயரை நிலைநாட்டியது. 1913-ல் ஹைலேண்ட் பார்க் ஆலையில் நகரும் வரிசையில் வண்டியைக் கோர்க்க ஆரம்பித்தார்கள். பன்னிரண்டரை மணி நேரம் பிடித்த சேஸிஸ் வேலை ஒன்றரை மணி நேரத்துக்கு இறங்கியது. 850 டாலரில் ஆரம்பித்த வண்டி 1925-ல் 260 டாலருக்கும் கிடைத்தது. 1927-ல் நிறுத்தும்போது ஒன்றரைக் கோடி வண்டி வெளியே போயிருந்தது. விலையைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு: ஒரு வண்டியின் பாகம் இன்னொன்றில் ராவாமல் தட்டாமல் பொருந்தும். பட்டிக்காட்டு விவசாயி தன் களத்திலேயே பிரித்துப் பூட்டுவார். அந்த அளவுகோலையே நாமும் கையில் எடுத்துக்கொள்வோம்: பக்கத்து ஊர் ஒர்க்‌ஷாப்பில் பிரித்துப் பூட்ட முடிகிற ஃபோர்டு எது?

கெட்ட பெயரையும் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் ஒவ்வொன்றும் ஒரு பாடம். 1971 மாடலாக வந்த பின்டோ காரில் பெட்ரோல் டேங்க் பின் அச்சுக்குப் பின்னால் இருந்தது. பின்னால் வந்து மோதினால் தீப்பிடிக்கிறது என்று வழக்குகள் வந்து, 1978-ல் 15 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். 2000-ல் எக்ஸ்ப்ளோரர் வண்டியின் ஃபயர்ஸ்டோன் டயர்கள் ஓட்டத்தில் மேல்பட்டை உரிந்து வண்டி உருண்டது. டயரைக் குறை சொன்னது ஃபோர்டு, வண்டியைக் குறை சொன்னது ஃபயர்ஸ்டோன். ஃபோர்டு சொல்லியிருந்த காற்றழுத்தம் 26 மட்டுமே என்பதும் அந்தச் சண்டையில் ஒரு பெரிய விஷயம். வெயில், பாரம், குறைந்த காற்று மூன்றும் சேர்ந்தால் டயர் உள்ளே வெந்துவிடும். அதனால் டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள். பங்க் பையன் கேட்காமலே அடிக்கிற 30-ஐ விடுங்கள். ஸ்டிக்கரில் ஆளுக்கும் பாரத்துக்கும் தக்கபடி என்ன போட்டிருக்கிறதோ அதுவே கணக்கு.

மூன்றாவது கெட்ட பெயர் நம் சந்தையை நேராகத் தொடுகிறது: பவர்ஷிஃப்ட் கியர்பாக்ஸ். அதைக் கீழே தனியாகச் சொல்கிறோம்.

நல்லதும் ஒன்று சொல்லிவிடலாம். 2006-ல் நீல ஓவல் சின்னத்தையே அடகு வைத்து 2,360 கோடி டாலர் கடன் வாங்கியதால், 2008 நெருக்கடியில் மற்ற இரண்டு பெரிய அமெரிக்கக் கம்பெனிகள் அரசாங்கத்தின் மீட்புப் பணத்தை வாங்கியபோது ஃபோர்டு அதை வாங்காமல் தப்பியது. அதே வருடம் ஜாகுவாரையும் லேண்ட் ரோவரையும் டாடாவுக்கு விற்றது.

நம் நாட்டுக்கு இரண்டு முறை வந்து போனது

1926-ல் கனடா ஃபோர்டின் கிளையாக வந்து, 1950-களில் மூடிவிட்டுப் போனார்கள். 1995-ல் மகிந்திராவோடு கூட்டாக மீண்டும் வந்து, எஸ்கார்ட்டில் ஆரம்பித்து, செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் மறைமலை நகரில் ஆலை போட்டார்கள். 1999-ல் ஐகான், 2003-ல் எண்டெவர், 2005-ல் ஃபியஸ்டா, 2010-ல் ஃபிகோ, 2013-ல் ஈக்கோஸ்போர்ட், 2015-ல் குஜராத் சானந்தில் இரண்டாவது ஆலையும் அஸ்பயரும் புது ஃபிகோவும், 2018-ல் ஃப்ரீஸ்டைல். 2021 செப்டம்பர் 9-ல் இந்தியாவில் வண்டி செய்வதை நிறுத்துகிறோம் என்றார்கள்; பத்து வருடத்தில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் என்பது அவர்கள் சொன்ன கணக்கு. ஏற்றுமதிக்கான வேலை முடிந்து மறைமலை நகரில் வரிசை நின்றது 2022 ஜூலையில். சர்வீஸும் பாகங்களும் தொடரும் என்று அப்போதே அறிவித்தார்கள். சென்னையில் பாகக் கிடங்கு இருப்பது நமக்கு அனுகூலம்.

இப்போது புரோக்கர்களின் புதுப் பாட்டு: "ஃபோர்டு திரும்ப வருதுல்லா, விலை ஏறும்." 2025 அக்டோபரில் தமிழ்நாடு அரசோடு கையெழுத்தானது மறைமலை நகரில் இன்ஜின் செய்ய, 3,250 கோடி ரூபாய் முதலீடு, 2029-ல் தொடக்கம். செய்யப்போவது ஏற்றுமதி இன்ஜின். உங்கள் 2016 ஈக்கோஸ்போர்ட்டின் முன் பம்பருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதற்காக ஐயாயிரம்கூடக் கூட்டிக் கொடுக்காதீர்கள்.

எந்த இன்ஜின், எந்த கியர்

எங்கள் வரிசையில் முதலில் வருவது 1.5 லிட்டர் டிடிசிஐ (ஃபோர்டு தன் டீசல் இன்ஜினுக்கு வைத்த பெயர்), கையால் போடும் கியர். ஈக்கோஸ்போர்ட், அஸ்பயர், 2015-க்குப் பிந்திய ஃபிகோ, ஃப்ரீஸ்டைல் எல்லாவற்றிலும் இதுதான். பழைய ஃபிகோவிலும் ஃபியஸ்டா கிளாசிக்கிலும் இருக்கிற 1.4 டிடிசிஐ இதன் அண்ணன். 69 குதிரைத்திறன்தான், ஆனால் கிழட்டுக் குதிரை மாதிரி ஓடிக்கொண்டே இருக்கும். இரண்டும் பிரெஞ்சு பெஷோ கம்பெனியோடு சேர்ந்து செய்த குடும்பம். இது வெறும் சரித்திரமல்ல: டைமிங் கிட், வாட்டர் பம்ப், சென்சார் போன்றவை பெஷோ, சிட்ரன் வண்டிகளுக்கும் உலகெங்கும் விற்கிறவை. ஃபோர்டு பெட்டியில் கிடைக்காவிட்டாலும் பாக எண்ணை வைத்துத் தேடினால் வேறு பெட்டியில் கிடைக்கும்.

அடுத்தது நான்கு சிலிண்டர் பெட்ரோல்: பழைய ஃபிகோ 1.2, 2018-க்கு முந்திய அஸ்பயர் 1.2, 2017 வரையான ஈக்கோஸ்போர்ட் 1.5. ஓட்டம் குறைந்த வீட்டுக்கு இதுவே போதும். வேகத்துக்கு ஆசைப்படக் கூடாது.

2017 நவம்பருக்குப் பிந்திய ஈக்கோஸ்போர்ட் பெட்ரோலில் டிராகன் என்ற மூன்று சிலிண்டர் 1.5 இன்ஜின், 123 குதிரைத்திறன். 2018-க்குப் பிந்திய ஃபிகோ, அஸ்பயர், ஃப்ரீஸ்டைலில் அதன் 1.2. நல்ல இன்ஜின்தான். ஒரு நிபந்தனை: இதன் டைமிங் பெல்ட் எண்ணெய்க்குள்ளேயே ஓடுகிறது. ஈக்கோஸ்போர்ட்டில் வந்த 1.0 ஈக்கோபூஸ்ட் என்ற டர்போ பெட்ரோலும் அப்படியே, 2020-க்குப் பிந்திய எண்டெவரின் 2.0 டீசலும் அப்படியே. கண்ட எண்ணெயையும் ஊற்றினால், அல்லது எண்ணெய் மாற்றாமல் இழுத்தடித்தால், பெல்ட்டின் ரப்பர் ஊறி உதிரும். உதிர்ந்த துணுக்கு கீழே சம்பில் எண்ணெய் உறிஞ்சும் வலையை அடைக்கும். அப்புறம் ஆயில் விளக்கு எரியும். எரியும்போது பாதி சேதம் முடிந்திருக்கும். அதனால் இந்த இன்ஜின்களில் சர்வீஸ் புத்தகமும் பில்லும் இல்லாத வண்டியை, எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், தொடாதீர்கள். 1.0 ஈக்கோபூஸ்டில் கூலன்ட் குழாய் விட்டு, தண்ணீர் வற்றி, ஹெட் வெந்துபோகிற வியாதியும் உண்டு. எங்கள் தீர்ப்பு: ஆசைக்காரர் வாங்கட்டும், தேவைக்காரர் வேண்டாம்.

இனி பவர்ஷிஃப்ட். 2011 ஃபியஸ்டா ஆட்டோமேட்டிக், 2017 முகமாற்றத்துக்கு முந்திய ஈக்கோஸ்போர்ட் பெட்ரோல் ஆட்டோமேட்டிக், 2015 ஃபிகோ மற்றும் அஸ்பயரின் 1.5 பெட்ரோல் ஆட்டோமேட்டிக் ஆகியவற்றில் இருப்பது இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸ். கிளட்ச் எண்ணெயில் நனையாது, உலர்ந்தது. நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து போனால் கிளட்ச் சூடேறி உதறும். கட்டுப்படுத்தும் எலெக்ட்ரானிக் பெட்டியும் படுக்கும். அமெரிக்காவில் கூட்டு வழக்கு, ஆஸ்திரேலியாவில் புகார் செய்த வாடிக்கையாளரை நடத்திய விதத்துக்காக 2018-ல் ஒரு கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் என்று பெயர் நாறியது இதனால்தான். வடசேரியிலும் மார்த்தாண்டம் சந்தைப் பக்கத்திலும் ஊர்கிற நமக்கு இது ஆகாது. 2017 முகமாற்றத்துக்குப் பிந்திய ஈக்கோஸ்போர்ட்டின் ஆட்டோமேட்டிக் வேறு வகை, உலர்ந்த கிளட்சுக்குப் பதில் எண்ணெய் வழியாக இழுவையைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் உள்ளது. அதற்கு இந்தப் பயம் வேண்டாம். இரண்டுக்கும் ஆறு கியர், இரண்டையும் "ஆட்டோமேட்டிக்" என்றே விளம்பரத்தில் போடுவார்கள். வருடத்தைப் பார்த்துப் பிரித்தறியுங்கள்.

எண்டெவர் 2.2, 3.2 டீசல்களில் செயின். ஒரு எச்சரிக்கை மட்டும். எண்ணெய் மாற்றும்போது கீழ் போல்ட்டைக் கழற்றிவிட்டு டீ குடிக்கப் போகக் கூடாது. பத்து நிமிடத்துக்கு மேல் வடியவிட்டால் ஆயில் பம்ப்பில் காற்று ஏறி, ஸ்டார்ட் செய்யும்போது எண்ணெய் ஏறாமல் இன்ஜின் பிடித்துக்கொள்ளலாம். புது ஃபில்டரும் எண்ணெயும் கைக்கெட்டும் தூரத்தில் தயாராக இருந்த பிறகே போல்ட்டைத் தொடச் சொல்லுங்கள்.

வண்டி பார்க்கப் போகும்போது

காலையில் போங்கள். நீங்கள் வருமுன் ஸ்டார்ட் செய்யக் கூடாது என்று போனிலேயே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டைத் தொட்டுப் பார்க்கவேண்டும். சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள்.

கூலன்ட் டப்பாவைத் திறந்து பாருங்கள். பச்சைத் தண்ணீரோ வெறும் கிணற்றுத் தண்ணீரோ இருந்தால் பராமரிப்பின் லட்சணம் அதிலேயே தெரிந்துவிடும். பெட்ரோல் இன்ஜினில் தெர்மோஸ்டாட் கூடு பிளாஸ்டிக், வருடம் ஆக ஆக விரியும். அதைச் சுற்றி வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ உப்புப் பூத்திருந்தால் கசிந்து காய்ந்திருக்கிறது என்று பொருள்.

டீசலில் ஸ்டார்ட் ஆன முதல் நிமிடம் காதை இன்ஜின் பக்கம் கொடுங்கள். "ச்சுக் ச்சுக்" என்று காற்று ஊதுகிற மாதிரி சத்தம் வந்து, இன்ஜெக்டர் அடியில் தார் உருகியது போல் கறுப்பு படிந்திருந்தால் இன்ஜெக்டர் வாஷர் போயிருக்கிறது. சின்ன வாஷர்தான், ஆனால் விட்டு வைத்தால் இன்ஜெக்டரை உடைக்காமல் எடுக்க முடியாதபடி இறுகிவிடும். ஆக்ஸிலரேட்டர் மிதிக்கும்போது கறுப்புப் புகையும் இழுவைக் குறைவும் சேர்ந்து வந்தால் இன்டர்கூலர் குழாய் கிழிந்திருக்கலாம். அது சின்னச் செலவு. நீலப் புகை விடாமல் வந்தால் அது டர்போ அல்லது அதற்கும் மேல். அங்கிருந்து நன்றி சொல்லிக் கிளம்பலாம்.

வெள்ளத்தில் கிடந்த வண்டி நம் பக்கம் வந்து சேருவது சாதாரணம். 2015 டிசம்பர் சென்னை, 2018 ஆகஸ்ட் கேரளம், 2023 டிசம்பரில் முதலில் சென்னை, பிறகு 17, 18 தேதிகளில் நெல்லை, தூத்துக்குடி. நம் மாவட்டத்திலேயே 2021 நவம்பரில் தண்ணீர் ஏறியது. அந்த மாதங்களில் இன்சூரன்ஸ் கிளெய்ம் இருக்கிறதா என்று கேளுங்கள். பாலிஷ் போட்டு சீட் கவர் மாற்றினாலும் மூன்று இடம் பொய் சொல்லாது: சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தால் அடியில் தெரியும் சேற்றுக் கோடு, சீட் தண்டவாளத்தின் போல்ட்டில் துரு, ஈக்கோஸ்போர்ட், ஃபிகோவில் இடப்பக்க கிளவ் பாக்ஸை இறக்கினால் தெரியும் ஃபியூஸ் பெட்டியில் பச்சை பிடித்த முனைகள். குலசேகரம், திருவட்டாறு பக்கத்து வண்டி என்றால் வெள்ளம் வராமலே அந்தப் பெட்டி நனைந்திருக்கலாம். ரப்பர் இலை உதிர்ந்து வைப்பருக்கு அடியிலுள்ள நீர்த்தாரையை அடைத்தால் மழைத்தண்ணீர் உள்ளே வழிய வேறு வழி தேடும்.

கடற்கரைப் பக்கத்து வண்டிக்குக் கீழே படுத்துப் பார்க்காமல் விலை சொல்லக் கூடாது. குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி, கன்னியாகுமரி என்று எழுதிய முகவரி ஆர்.சி.யில் இருந்தால் ஒரு டார்ச்சும் பழைய சாக்கும் எடுத்துப் போங்கள். பின் அச்சுத் தண்டு, பிரேக் பைப், பெட்ரோல் டேங்கைத் தாங்கும் பட்டை, சைலன்சர் கொக்கி ஆகிய இடங்களில் ஸ்க்ரூ டிரைவர் முனையால் லேசாகக் குத்துங்கள். மேல் துரு பொடியாகும், அது பரவாயில்லை. ஓடு மாதிரி பெயர்ந்து வந்தால் வேண்டாம். முன்னால் ஏ.சி. கண்டன்சரின் தகட்டு வரிகளை விரலால் தடவுங்கள், உதிர்ந்தால் ஏ.சி. செலவு ரெடி. புதிதாக அடித்த கறுப்புப் பூச்சு அடியில் பளபளத்தால் சந்தேகம் இரட்டிப்பாக வேண்டும்.

ஈக்கோஸ்போர்ட்டின் பின்கதவு தனிக் கதை. ஸ்டெப்னி அதில் தொங்குவதால் கீல் இறங்கும். கதவைப் பாதி திறந்து நுனியில் தூக்கி ஆட்டிப் பாருங்கள், ஆட்டம் கூடாது. பிடியில் இருக்கிற சுவிட்சில் தண்ணீர் இறங்கிக் கெடுவது இந்த வண்டியின் வழக்கமான குறை. நாலு முறை திறந்து மூடிப் பாருங்கள். ஐந்தாவது முறை திறக்காவிட்டால் விலையைக் குறையுங்கள், வண்டியை விட வேண்டாம்.

திரும்ப அழைத்த வண்டிகளில் உங்களுடையது இருக்கிறதா என்றும் சேஸிஸ் எண்ணைக் கொடுத்து சர்வீஸ் சென்டரில் கேளுங்கள். 2010 ஜனவரி முதல் 2012 ஜூன் வரை செய்த ஃபிகோ, கிளாசிக் வண்டிகளில் 1,66,021-ஐ பின் அச்சுத் தண்டுக்காகவும் பவர் ஸ்டியரிங் குழாய்க்காகவும் 2013-ல் அழைத்தார்கள். பழைய எண்டெவரை முன் ஏர்பேக்குக்காக அழைத்தார்கள்.

ஓட்டிப் பார்க்க

முதலில் நெரிசல். கோட்டாறிலோ வடசேரியிலோ பத்து நிமிடம் ஊர்ந்தால் கிளட்ச் பேசிவிடும். கிளட்ச் கனக்கிறதா, விடும்போது உதறுகிறதா என்று பாருங்கள். கியர் போடும்போது தளர்ந்து ஆடினால் கியர் கேபிள் நுனியின் பிளாஸ்டிக் புஷ் தேய்ந்திருக்கும், அது மலிவு. பெடல் கீழே போய் மெதுவாக எழுந்தால், பிரேக் ஆயில் டப்பாவில் அளவு குறைந்திருந்தால், பெடலின் அழுத்தத்தைக் கிளட்சுக்குக் கடத்தும் ஸ்லேவ் சிலிண்டர் கசிகிறது. இந்த வண்டிகளில் அது கியர்பாக்ஸுக்கு உள்ளே உட்கார்ந்திருக்கிறது. பாகம் சின்னது, எடுக்க கியர்பாக்ஸை இறக்க வேண்டும். அதனால்தான் கிளட்ச் மாற்றும்போது ஸ்லேவையும் சேர்த்து மாற்றிவிட வேண்டும் என்கிறோம். ஆயிரங்களை மிச்சம் பிடித்துப் பழையதையே வைத்து மூடினால் ஆறு மாதத்தில் அதே கூலியை மறுபடி கொடுப்பீர்கள்.

பிறகு குண்டும் குழியுமான உள்ரோடு ஒன்றில் கண்ணாடியை இறக்கிவிட்டு 20-ல் போங்கள். "டக் டக்" என்று வருவது பெரும்பாலும் முன் சஸ்பென்ஷனின் லிங்க் ராட். பிரேக் போடும்போது ஒரு தட்டு தட்டினால் லோயர் ஆர்ம் புஷ். இரண்டும் பயப்படும் விஷயமல்ல.

கடைசியாக ஆரல்வாய்மொழி நோக்கி நாலுவழிச் சாலை. இங்கே ஒரு ஏமாற்று உண்டு. ஆனி ஆடியில் கணவாய்க் காற்று பக்கவாட்டில் தள்ளும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும். அலைன்மென்ட் போச்சு என்று தோன்றும். முப்பந்தல் வரை போய்த் திரும்பி அதே இடத்தில் எதிர்த்திசையில் பாருங்கள். இழுப்பு பக்கம் மாறினால் காற்று, மாறாவிட்டால் வண்டி.

முடிந்தால் ஸ்கேனர் போடுங்கள். ஃபோர்ஸ்கேன் என்ற செயலி ஃபோர்டுக்கென்றே உள்ளது. வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கச் செருகும் சாதாரண ஓபிடி அடாப்டரைவிட, ஃபோர்டின் இரண்டாவது தொடர்புக் கம்பியையும் படிக்கிற, சின்ன சுவிட்ச் வைத்த அடாப்டர் வாங்கினால் ஏர்பேக், கதவு, டேஷ்போர்டு பெட்டிகளையும் படிக்கும்.

காகிதம்

டிஎன் 74 நாகர்கோவில், டிஎன் 75 மார்த்தாண்டம் என்றால் படிவம் 29, 30, இன்சூரன்ஸ். கடன் இருந்தால் வங்கியின் தடையில்லாக் கடிதமும் படிவம் 35-ம். கேஎல் எண் வண்டிகள்தான் தொல்லை. திருவனந்தபுரத்திலும் பாறசாலையிலும் விலை குறைவாகத் தெரியும். அங்கிருந்து தடையில்லாச் சான்று படிவம் 28-ல் வாங்கி, இங்கே ஆயுள்வரி கட்டி, எண் மாற்றவேண்டும். வரியைக் கூட்டிப் பார்த்தால் பல சமயம் மலிவு காணாமல் போய்விடும். "களியக்காவிளை தாண்டினால் யார் கேட்கப் போறாங்க" என்கிற ஆலோசனையைக் கேட்காதீர்கள். 12 மாதத்துக்கு மேல் வேறு மாநில எண்ணோடு இங்கேயே வைத்திருப்பது சட்டப்படி தவறு.

2010-ல் வந்த முதல் ஃபிகோக்களுக்கு 15 வருடம் முடிந்துவிட்டது. ஆர்.சி. புதுப்பித்தாயிற்றா என்று தேதியைப் பார்த்துக்கொண்டு விலை பேசுங்கள். புதுப்பிக்கப் படிவம் 25. காலாவதிக்கு 60 நாள் முன்பிருந்து கொடுக்கலாம்.

வாங்கிய முதல் மாதம்

விற்றவர் என்ன சொன்னாலும், பில் கையில் இல்லாவிட்டால் டைமிங் பெல்ட் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் 1 லட்சம் கிலோமீட்டர் அல்லது 8 வருடம், எது முதலில் வருகிறதோ அது என்று வைத்துக்கொள்கிறோம். 30,000 மட்டுமே ஓடிய பத்து வருட வண்டியின் பெல்ட்டுக்கும் ரப்பர் வயது பத்துதான். அறுந்தால் வால்வு பிஸ்டனில் முட்டும், ஹெட் இறங்கும்.

டீசலில் பெல்ட், டென்ஷனர், ஐட்லர், வாட்டர் பம்ப் நான்கையும் ஒன்றாக மாற்றவேண்டும், ஏனென்றால் வாட்டர் பம்ப்பைச் சுற்றுவதே அந்தப் பெல்ட்தான். கிராங்கையும் கேமையும் அதற்குரிய பின் போட்டுப் பூட்டியபிறகே பழைய பெல்ட்டை எடுக்கவேண்டும். பெயின்டால் புள்ளி வைத்துச் செய்கிறவரிடம் கொடுக்காதீர்கள். நாலு சிலிண்டர் பெட்ரோலில் இன்னொரு கண்ணி இருக்கிறது. கிராங்க் புல்லிக்குச் சாவி வெட்டு கிடையாது, நடு போல்ட்டின் இறுக்கத்தில் மட்டுமே நிற்கிறது. மாருதியில் பழகிய கை அதைச் சும்மா கழற்றிப் பூட்டினால் டைமிங் நகர்ந்துவிடும். கிராங்கைப் பூட்டும் கருவி வேண்டும், போல்ட் ஒவ்வொரு முறையும் புதிது வேண்டும். "இதுக்கு லாக்கிங் கிட் இருக்கா அண்ணே?" என்ற ஒரு கேள்வியிலேயே மெக்கானிக்கை எடைபோட்டுவிடலாம்.

எண்ணெயில் பிராண்டைவிட ஃபோர்டின் குறியீடு முக்கியம். டிடிசிஐ டீசலுக்கு 5டபிள்யூ-30, டப்பாவின் பின்பக்கம் டபிள்யூஎஸ்எஸ்-எம்2சி913-டி என்றிருக்கவேண்டும். ஈக்கோபூஸ்டுக்கு 5டபிள்யூ-20, குறியீடு 948-பி. டிராகனுக்கு உங்கள் வண்டியின் புத்தகத்தில் உள்ளதை எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பாருங்கள். சின்ன இன்ஜின்களில் முதலில் மூன்றரை லிட்டர் ஊற்றி, ஒரு நிமிடம் ஓடவிட்டு, நிறுத்தி ஐந்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கைப் பார்த்து மீதியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். டீசலில் அளவுக்கு மேல் போவது குறைவதைப் போலவே கெடுதல். 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம். எண்ணெய்க்குள் பெல்ட் ஓடும் இன்ஜினுக்கு 7,500 என்று வைத்தால் தூக்கம் வரும்.

பிரேக் ஆயில் டாட் 4. கிளட்சும் அதே டப்பாவில் இருந்து குடிப்பதால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுதாக மாற்றுங்கள். நம் ஊர் ஈரத்தில் அது தண்ணீரை இழுத்துக்கொள்ளும்.

2020-க்குப் பிந்திய பிஎஸ்6 (புதிய புகை விதிக்கு உட்பட்ட) டீசல் ஈக்கோஸ்போர்ட் வாங்கினவர்கள் கருங்கலில் இருந்து திங்கள்நகர் வரை மட்டும் போய் வந்தால் புகைக்குழாயில் உள்ள டிபிஎஃப் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை காவல்கிணறு வரை 60-க்குக் குறையாமல் அரைமணி நேரம் ஓட்டினால் தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். விளக்கு எரிந்தபிறகு வீட்டு முற்றத்தில் நிறுத்தி ஆக்ஸிலரேட்டர் மிதிப்பதில் பிரயோசனமில்லை.

உப்பும் சும்மா கிடப்பதும்

கடலோர வீட்டுக்காரர்கள் வாராவாரம் வண்டி கழுவுகிறார்கள், சரி. எந்தத் தண்ணீரில்? போர் தண்ணீர் உப்புக் கரித்தால் அதை அடியில் பீய்ச்சுவது துருவுக்கு உரம் போடுவதுதான். மாதம் ஒருமுறை தோவாளை, தக்கலை போல உள்ளே இருக்கிற வாட்டர் சர்வீஸில் லிஃப்டில் ஏற்றி நல்ல தண்ணீரால் அடியைக் கழுவி, ஒரு நாள் காயவிட்டு, ஐப்பசி மழைக்கு முன் அடிப்பூச்சு அடியுங்கள். ஈரத்தின் மேல் அடித்த பூச்சு துருவை உள்ளே வைத்துப் பூட்டிவிடும். பேட்டரி முனையிலும் பாடிக்குப் போகும் எர்த் கம்பியிலும் வாசலின் தடவுங்கள். ஃபோர்டில் காரணமில்லாமல் எரியும் விளக்குகளில் பல, எர்த் கம்பியின் துருவால் எரிபவை.

கல்ஃபில் வேலை செய்கிறவரின் வண்டி பதினொரு மாதம் ஷெட்டில் கிடக்கும். போகும்முன் டேங்கை நிரப்புங்கள். காலி இடத்தில் ஈரம் படியும். டயரில் 40 வரை காற்று வையுங்கள். ஹேண்ட் பிரேக்கை இறக்கிவிட்டு முதல் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள்; ஏற்றி வைத்துப் போனால் பின் டிரம்மில் லைனிங் ஒட்டிக்கொள்ளும். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடுங்கள். வீட்டில் ஓட்டத் தெரிந்தவர் இருந்தால் கழற்ற வேண்டாம்: பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஏ.சி. போட்டு ஐந்தாறு கிலோமீட்டர் ஓட்டட்டும். நின்ற இடத்தில் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பது நல்லதைவிடக் கெடுதலே அதிகம்: பேட்டரியில் எடுத்தது திரும்ப ஏறாது, சைலன்சரில் தண்ணீர் நிற்கும். தென்னந்தோப்புப் பக்கத்து ஷெட்டில் எலி ஒயரைக் கடிக்கும். பானெட்டைத் திறந்தே வைத்துவிட்டுப் போவது பழைய வைத்தியம், இப்போதும் பலிக்கிறது.

ஸ்பேர்

இன்ஜின், கிளட்ச், பிரேக் பாகங்களுக்கு இன்றைக்குக் கஷ்டமில்லை. ஃபிகோ காலத்தில் ஃபோர்டு ஒரு நல்ல வேலை செய்தது: முழு அசெம்பிளியாக விற்றதை உடைத்து உள்பாகங்களுக்குத் தனித்தனி எண் கொடுத்தது. அதனால் கடையில் "முழுசாத்தான் வரும்" என்றால் அப்படியே நம்பாதீர்கள், எண்ணைக் கேட்டு இன்னொரு கடையில் விசாரியுங்கள்.

கஷ்டம் பாடியில்தான். ஹெட்லைட், பம்பர், கண்ணாடி, ஃப்ரீஸ்டைலின் கறுப்பு ஓரப்பட்டைகள் போன்றவை அந்த மாடலுக்கு மட்டுமே உரியவை. இடித்தால் வாரக்கணக்கில் காத்திருக்கவும் நேரலாம். உடைத்து விற்கும் கடையில் கிடைக்கிற ஒரிஜினல் ஹெட்லைட், புது டூப்ளிகேட்டைவிட மேல். கால்கள் முறியாமல் இருக்கிறதா, உள்ளே ஈரம் இல்லையா என்று மட்டும் பாருங்கள். இன்சூரன்ஸ் புதுப்பிக்கும்போது கண்ணாடிக்கும் விளக்குக்கும் எவ்வளவு கழிப்பார்கள் என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டில் ஒரு அட்டைப்பெட்டியில் இவற்றை வாங்கி வைத்தால் போதும்: ஆயில் ஃபில்டர் இரண்டு, டீசல் ஃபில்டர் ஒன்று, ஆல்டர்னேட்டர் பெல்ட், ஒரு ஜோடி லிங்க் ராட், கிளட்ச் ஸ்லேவ், ஈக்கோஸ்போர்ட் என்றால் பின்கதவு சுவிட்ச். டைமிங் கிட்டை வாங்கி அடுக்க வேண்டாம். அலமாரியில் கிடந்தாலும் ரப்பருக்கு வயதாகும். பெட்டியின் மூடியில் வண்டியின் சேஸிஸ் எண்ணை எழுதி ஒட்டிவிடுங்கள். ஃபோர்டில் ஒரே வருடத்திலேயே பாகம் மாறியிருக்கும், கடைக்காரர் முதலில் கேட்பது அந்த எண்ணைத்தான்.